66% ஹெட் ஜோடி, 6 முட்டை, ஒரு அல்பினோகூட இல்லை. ஏன்?

கோத்தகிரி மேகம்

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் ஒரு ஜோடி பால் பைத்தான் (ஆப்பிரிக்காவின் சிறிய மலைப்பாம்பு வகை) இருக்கிறது. இரண்டும் பார்க்கச் சாதாரண நிறம்தான், கரும்பழுப்பு உடம்பில் தேன் நிறத் திட்டுகள். வாங்கும்போது இரண்டையுமே "66% ஹெட் அல்பினோ" என்று சொல்லிக் கூடுதல் விலை வாங்கினார்கள். அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்துவிட்டேன்.

இந்த முறை பெண் 6 முட்டை இட்டது, ஆறும் பொரிந்தன. ஆறுமே சாதாரணக் குட்டிகள். 66% என்றால் மூன்றில் இரண்டு பங்கு அல்லவா? ஆறில் நாலு குட்டியாவது மஞ்சளும் வெள்ளையுமாக வந்திருக்க வேண்டாமா? விற்றவரிடம் கேட்டால் "அடுத்த தடவை வரும்" என்கிறார். கூடுதலாகக் கொடுத்த காசு வீண்தானா?

இன்னொன்று. ஒரு குட்டிக்கு முதுகில் பாதி தூரம் நேர்க்கோடு ஓடுகிறது. இது புது மார்ஃபா (நிறமோ வரியோ மாறிய மரபு வகையா)?

குன்னூர் சாரல்

66% என்பது குட்டிகளின் கணக்கு இல்லை, உங்கள் பெரிய பாம்புகளின் கணக்கு. நிறையப் பேர் இதில்தான் குழம்புகிறார்கள். கொடைக்கானல் டீச்சர் வந்தால் சரியாகச் சொல்வார்.

கொடை பட்டாணி டீச்சர்

வந்துவிட்டேன். தம்பி, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

பத்தாம் வகுப்பு அறிவியலில் மெண்டலின் பட்டாணி படித்திருப்பீர்கள். அதே விதிதான் இங்கேயும். ஒவ்வொரு ஜீனிலும் பாம்புக்கு இரண்டு பிரதிகள் உண்டு, தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. அல்பினோ ஓர் ஒடுங்கு பண்பு. இரண்டு பிரதியும் பழுதானால்தான் வெளியே தெரியும். ஒன்று பழுது, ஒன்று நல்லது என்றால் நல்ல பிரதியே போதுமான அளவு மெலனின் என்ற கருநிறமியைச் செய்துவிடும். பாம்பு பார்க்க முழுக்க சாதாரணமாக இருக்கும், ஆனால் பழுதான பிரதியைச் சுமந்துகொண்டிருக்கும். நம் ஆட்கள் "ஹெட்" என்று சொல்வது இந்தச் சுமப்பவரைத்தான்.

இரண்டு ஹெட் பாம்புகள் சேர்ந்தால் ஒவ்வொரு முட்டைக்கும் நாலு வழி. நல்லது-நல்லது, நல்லது-பழுது, பழுது-நல்லது, பழுது-பழுது. கடைசி வழியில் வருவது மட்டும் அல்பினோ. அதைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள், கண்ணுக்கே தெரிகிறது. மிச்சமுள்ள மூன்று வகையும் பார்க்க ஒரே மாதிரி. அந்த மூன்றில் இரண்டு ஹெட், ஒன்று இல்லை. எது எது என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் அப்படிப் பிறந்த ஒவ்வொரு சாதாரணக் குட்டியையும் "66% ஹெட்" என்கிறார்கள்.

கவனியுங்கள். எந்தப் பாம்பும் 66 சதவீதம் ஹெட்டாக இருக்க முடியாது. அது ஹெட், அல்லது ஹெட் இல்லை. பாம்புக்குள் எதுவும் பாதியும் கால்வாசியுமாக இல்லை. அந்தச் சதவீதம் நமக்கு எவ்வளவு தெரியும் என்பதன் அளவு. அதனால்தான் புதுத் தகவல் வந்தால் அந்த எண் மாறும். உங்கள் ஆறு குட்டிகளும் புதுத் தகவல்தான்.

"100% ஹெட்" என்றால் பெற்றோரில் ஒன்று கண்ணுக்குத் தெரிகிற அல்பினோ, அதனிடமிருந்து பழுதான பிரதி கட்டாயம் வந்திருக்கும். "50% ஹெட்" என்றால் ஒரு ஹெட்டும் ஒரு சாதாரணமும் சேர்ந்து பிறந்தது. விலையை யோசிக்கும்போது இந்த மூன்றையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. 100% ஹெட் என்று எழுதித் தருபவர் அல்பினோ பெற்றோரின் படத்தையாவது காட்ட வேண்டும்.

கோத்தகிரி மேகம்

டீச்சர், இப்போதுதான் பிடிபடுகிறது. அப்படியானால் என் ஜோடி இரண்டும் ஹெட்டாக இருக்க வாய்ப்பு எவ்வளவு? ஆறு சாதாரணக் குட்டி பிறந்ததை வைத்து ஏதாவது சொல்ல முடியுமா?

கொடை பட்டாணி டீச்சர்

முடியும், எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு இது.

உங்களைப் போலவே 66% ஜோடி வாங்கிய 900 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பாம்பும் மூன்றில் இரண்டு வாய்ப்பில் ஹெட். அப்படியானால் 400 ஜோடிகளில் இரண்டுமே ஹெட். 200-ல் பெண் மட்டும், 200-ல் ஆண் மட்டும். 100-ல் ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு ஜோடியும் 6 குட்டி பெறட்டும். கடைசி 500 ஜோடிகளுக்கு அல்பினோ வரவே வராது, அத்தனை குட்டியும் சாதாரணம்தான். முதல் 400-லும் எல்லோருக்கும் வந்துவிடாது. ஒரு முட்டை சாதாரணமாக வர நாலில் மூன்று வாய்ப்பு. ஆறும் அப்படியே வர, நாலில் மூன்றை ஆறு தடவை பெருக்க வேண்டும். சுமார் 17.8%. அதாவது 400-ல் 71 ஜோடிகள் உங்களைப் போலவே ஏமாற்றமாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஆக, அல்பினோ இல்லாத ஜோடிகள் மொத்தம் 571. அதில் இரண்டும் ஹெட்டாக இருப்பவை 71. எட்டில் ஒன்று. வாங்கும்போது ஒன்பதில் நாலு என்று இருந்த நம்பிக்கை இந்த ஒரு கிளட்ச்சுக்கு (ஒரு தடவை இடும் முட்டைகளுக்கு) பிறகு எட்டில் ஒன்றாக இறங்கிவிட்டது.

ஆனால் பெண்ணை மட்டும் தனியே பாருங்கள். 71-ம் 200-ம் சேர்த்து 271. அது இன்னும் ஹெட்டாக இருக்க 47% வாய்ப்பு இருக்கிறது. ஆணுக்கும் அதே எண். எனவே விற்றவர் பொய் சொன்னார் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. அதே நேரம் "அடுத்த தடவை வரும்" என்று அவர் சொல்வதற்கும் எந்த ஆதாரமும் இல்லை. இதே ஜோடியைத் திரும்பச் சேர்த்துக்கொண்டிருப்பது நல்ல வழி இல்லை.

குன்னூர் சாரல்

அருமை டீச்சர். நல்ல வழி என்னவென்று நான் சொல்கிறேன். பெண்ணை ஒரு அல்பினோ ஆணோடு சேர்க்க வேண்டும். பெண் ஹெட்டாக இருந்தால் ஒவ்வொரு முட்டையும் பாதிக்குப் பாதி அல்பினோ. ஆறு முட்டையில் ஒன்றுகூட வராமல் போக 64-ல் ஒரு வாய்ப்புதான். ஒரே கிளட்ச்சில் பதில் கிட்டத்தட்டத் தெரிந்துவிடும்.

கூடலூர் மாணவன்

நான் விலங்கியல் படிக்கிறேன். மரபணுச் சோதனையும் இருக்கிறது, முட்டை போடும்வரை காத்திருக்க வேண்டாம். ஈஸ்டர்ன் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-ல் வெளியிட்ட ஆய்வில் பாம்பு வளர்ப்பவர்கள் அனுப்பிய உரித்த சட்டைகளிலிருந்தே டிஎன்ஏ எடுத்தார்கள். ஊசி இல்லை, ரத்தம் இல்லை. அல்பினோவில் பழுதானது டைரோசினேஸ் ஜீன் என்றும், லாவண்டர் அல்பினோ என்ற இன்னொரு வெளிறிய மார்ஃபில் பழுதானது ஓசிஏ2 என்ற வேறு ஜீன் என்றும் அதில் தெரிந்தது.

இதில் எனக்கு வியப்பான விஷயம் ஒன்று. அல்பினோவையும் லாவண்டர் அல்பினோவையும் சேர்த்தால் குட்டிகள் எல்லாம் சாதாரண நிறம்! இரண்டு வெளிறிய பாம்புக்கு ஒரு வெளிறிய குட்டிகூடப் பிறக்காது. அல்பினோவிடம் ஓசிஏ2 நன்றாக இருக்கிறது, லாவண்டரிடம் டைரோசினேஸ் நன்றாக இருக்கிறது. குட்டிக்கு இரண்டிலும் ஒரு நல்ல பிரதி கிடைத்துவிடுகிறது. வாங்கும்போது "அல்பினோ" என்று மட்டும் கேட்டால் போதாது, எந்த அல்பினோ என்று கேட்க வேண்டும்.

பண்ணைக்காடு வாசகி

நான் பாம்பு வளர்ப்பதில்லை, படிக்க மட்டும் வருகிறேன். அல்பினோ என்றால் வெள்ளை என்றுதானே நினைத்திருந்தேன்? இவை ஏன் மஞ்சளாக இருக்கின்றன?

கொடை பட்டாணி டீச்சர்

நல்ல கேள்வி மேடம். நமக்குத் தோல் நிறம் தருவது பெரும்பாலும் மெலனின் மட்டும்தான். பாம்புக்கு அப்படி இல்லை. கருப்பும் பழுப்பும் தரும் செல்கள் ஒரு வகை. மஞ்சளும் சிவப்பும் தருபவை இன்னொரு வகை. மூன்றாவது வகைக்கு நிறமி கிடையாது, உள்ளே சின்னச் சின்னப் படிகங்கள் இருக்கும், அவை ஒளியைத் திருப்பி அனுப்பும். பச்சைப் பாம்பின் பச்சை பெரும்பாலும் இப்படி வருவதுதான், திரும்பும் நீல ஒளியும் மேலே உள்ள மஞ்சளும் சேர்ந்து. அல்பினோவில் முதல் வகை மட்டுமே வேலை செய்யவில்லை. மஞ்சள் அப்படியே நிற்கிறது. பால் பைத்தானில் கருப்பு இருந்த இடம் வெள்ளையாகவும் தேன் நிறம் இருந்த இடம் மஞ்சளாகவும் தெரியும், கண் சிவப்பு.

கார்ன் பாம்பு என்ற அமெரிக்கப் பாம்பில் இதே பழுது வந்தால் உடம்பு ஆரஞ்சும் சிவப்புமாக இருக்கும். மார்ஃப் வளர்க்கும் இந்தக் கலையே அங்கேதான் தொடங்கியது. 1950-களில் அமெரிக்காவின் வட கரோலினாவில் மெலனின் இல்லாத ஓர் ஆண் கார்ன் பாம்பு காட்டில் பிடிபட்டது. பெர்னார்ட் பெக்டல் என்ற தோல் மருத்துவரும் அவர் மனைவி எலிசபெத்தும் அதை வளர்த்து, சாதாரணப் பெண்ணோடு சேர்த்து, பிறந்த சாதாரணக் குட்டிகளைத் தங்களுக்குள் சேர்த்து, அடுத்த தலைமுறையில் அல்பினோவைப் பார்த்தார்கள். 1962-ல் கட்டுரையாக வெளியிட்டார்கள். மெண்டல் சொன்னது பாம்புக்கும் பொருந்துகிறது என்று பொறுமையாக நிரூபித்த வேலை அது. பால் பைத்தானில் அல்பினோ குட்டி பிறக்க 1992 வரை ஆனது, பாப் கிளார்க் என்பவரிடம்.

கார்ன் பாம்பில் சிவப்பை எடுத்துவிடும் அனரி என்ற ஒடுங்கு பண்பும் உண்டு. அதுவும் அல்பினோவும் ஒரே பாம்பில் சேர்ந்தால் உடம்பு வெள்ளையும் இளஞ்சிவப்புமாக இருக்கும், ஸ்னோ என்பார்கள். இரண்டுக்கும் ஹெட்டான ஜோடியில் அது 16-ல் ஒன்று.

பண்ணைக்காடு வாசகி

நன்றி டீச்சர். இன்னொரு சந்தேகம். கோத்தகிரி, குன்னூர் பக்கம் வீட்டு கேமராவில் கருஞ்சிறுத்தை நடந்து போகும் காட்சி அடிக்கடி வருகிறதே, சில நேரம் புள்ளிச் சிறுத்தையோடு சேர்ந்தே. அதுவும் இதே கணக்கா?

கொடை பட்டாணி டீச்சர்

அதே கணக்கு, திசை மட்டும் வேறு. அங்கே மெலனின் குறையவில்லை, கூடியிருக்கிறது. சிறுத்தையில் இந்தக் கருப்பு ஒடுங்கு பண்பு. எனவே புள்ளியுள்ள தாய்க்கும் தந்தைக்கும் கருப்புக் குட்டி பிறக்கலாம், இருவரும் சுமப்பவராக இருந்தால். இரண்டு கருஞ்சிறுத்தைக்குப் புள்ளிக் குட்டி பிறக்காது. தென் அமெரிக்க ஜாகுவாரில் கருப்பு ஓங்கு பண்பு, ஒரு பிரதி இருந்தாலே வெளியே தெரியும், அங்கே கருப்புக் குட்டிக்குப் பெற்றோரில் ஒருவராவது கருப்பாக இருக்க வேண்டும். பார்க்க ஒரே கருப்பு, உள்ளே ஜீன் வேறு. நிறத்தைப் பார்த்து மரபைச் சொல்லிவிட முடியாது என்பதற்கு நம் மலைக்காட்டிலேயே இருக்கும் சாட்சி இது. வகுப்பில் இதைத்தான் சொல்கிறேன், பிள்ளைகள் கண் விரியக் கேட்கிறார்கள்.

கூடலூர் மாணவன்

ஓங்கு, ஒடுங்கு இரண்டு மட்டும் இல்லை, நடுவில் ஒன்று இருக்கிறது. பால் பைத்தானில் பாஸ்டல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிரதி இருந்தால் மஞ்சள் கூடி நிறம் பளிச்சென்று ஆகும். இரண்டு பிரதி இருந்தால் இன்னும் வெளிறி "சூப்பர் பாஸ்டல்". பாடப்புத்தகத்தில் முழுமையற்ற ஓங்குத்தன்மை என்று இருப்பது இதுதான். வளர்ப்பவர்கள் பல காலம் "கோ-டாம்" (இணை ஓங்கு) என்று சொல்லிப் பழகிவிட்டார்கள், அது சரியில்லை. இணை ஓங்குத்தன்மையில் இரண்டு பண்பும் தனித்தனியே தெரியும், ஏபி ரத்த வகை மாதிரி.

மோஹாவே, லெஸ்ஸர் என்ற இரண்டு மார்ஃபும் ஒரே ஜீனின் வெவ்வேறு வடிவங்கள். அவற்றைச் சேர்த்தால் நாலில் ஒரு குட்டி முழு வெள்ளை, கண் நீலம். இதில் ஹெட் குழப்பமே இல்லை, ஒரு பிரதி இருந்தாலே கண்ணுக்குத் தெரிந்துவிடும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இப்படிப்பட்ட மார்ஃபே நல்லது என்பது என் கருத்து.

குன்னூர் சாரல்

பனானா என்ற மார்ஃப் பற்றியும் ஒரு வரி. அந்த ஜீன், ஆணா பெண்ணா என்று முடிவு செய்யும் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது. தந்தையிடமிருந்து பனானா பெற்ற ஆண், தன் பனானாவைப் பெரும்பாலும் மகன்களுக்கே தருகிறது. தாயிடமிருந்து பெற்ற ஆண் பெரும்பாலும் மகள்களுக்கே. சாரை, கார்ன் பாம்பு வகையில் பெண்ணுக்குத்தான் இரண்டு வேறு குரோமோசோம், மலைப்பாம்பு வகையில் நம்மைப் போல ஆணுக்கு. பனானா ஆண் வாங்கும்போது அதன் பெற்றோரில் யார் பனானா என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஊட்டி கால்நடை மருத்துவர்

மார்ஃப் பட்டியல் நீள்வதால் குறுக்கிடுகிறேன். நிறத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஸ்பைடர் என்ற மார்ஃப் பார்க்க அழகுதான், மெல்லிய கருப்பு வலை போட்ட மாதிரி. ஆனால் அந்த ஜீன் உள்காதின் அமைப்பையும் கெடுக்கிறது. சிடி ஸ்கேன் படம் எடுத்துப் பார்த்த ஆய்வில் இது தெளிவாகத் தெரிந்தது. அதனால் தலை ஆடும், சில பாம்புகள் தலைகீழாகச் சுருண்டுவிடும், இரையைக் குறிவைத்துக் கொத்தினாலும் தவறும். அளவு கூடலாம் குறையலாம், ஆனால் ஸ்பைடர் ஜீன் இருந்தால் இது கூடவே வரும். நல்ல வம்சத்தில் வந்த ஸ்பைடருக்கு ஆட்டம் இல்லை என்று விற்பவர்கள் சொல்வதை நம்பாதீர்கள். நிறமும் நோயும் ஒரே ஜீனின் இரண்டு முகம், பிரித்து எடுக்க முடியாது. பிறந்த ஸ்பைடரை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். புதிதாக இனப்பெருக்கம் செய்யாதீர்கள், இதை மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

அல்பினோவுக்கு இவ்வளவு துன்பம் இல்லை. கண்ணில் நிறமி இல்லாததால் கூசும், பளிச் விளக்குக்குப் பதிலாக ஒளி தராத வெப்பமூட்டி வையுங்கள்.

கூடலூர் ஓடை

நான் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஓடைப் பக்கம் மரக்கிளையில் மஞ்சள் நிறக் குழிவிரியன் ஒன்று அடிக்கடி தெரிகிறது. மற்றவை எல்லாம் பச்சை. இதுவும் மார்ஃபா? பிடித்து வளர்த்தால் குட்டி மஞ்சளாக வருமா என்று நண்பர் ஒருவர் கேட்கிறார்.

குன்னூர் பாம்பு மீட்பு

ஐயா, தயவுசெய்து அந்த நண்பரிடம் உடனே சொல்லுங்கள், கிட்டே போக வேண்டாம். அது மலபார் குழிவிரியனாக இருக்கும். அந்த இனத்தில் பச்சை, மஞ்சள், பழுப்பு எல்லாம் இயற்கையாகவே ஒரே காட்டில் உண்டு. பழுது எதுவும் இல்லை, அதன் வழக்கமே அது. விஷப் பாம்பு என்பது ஒரு பக்கம். நம் நாட்டுப் பாம்பு எதையும் பிடித்து வீட்டில் வைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், நிறம் எதுவானாலும். கோவைப் பக்கம் வெள்ளை நாகம் பிடிபட்டதாக அவ்வப்போது செய்தி வரும், அதையும் காட்டில் விடத்தான் வேண்டும். தோட்டத்துக்குள் வந்துவிட்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

இந்த இழையில் பேசுவது வெளிநாட்டு இனங்களைப் பற்றி மட்டும். பால் பைத்தான் சைட்டிஸ் என்ற சர்வதேச வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், வைத்திருப்பதையும், கைமாற்றுவதையும், குட்டி பிறந்ததையும், இறந்ததையும் பதிவு செய்தாக வேண்டும். கோத்தகிரி தம்பி, அந்த ஆறு குட்டிகளையும் பதிந்துவிட்டீர்களா?

கோத்தகிரி மேகம்

பெரிய பாம்புகளுக்குத்தான் முடித்திருக்கிறேன் அண்ணா, குட்டிகளுக்கு இன்று மாலையே விண்ணப்பம் போடுகிறேன். முதுகில் கோடு உள்ள குட்டியைப் பற்றி யாராவது சொல்லுங்களேன்.

ஊட்டி கால்நடை மருத்துவர்

முட்டை இருந்த நாட்களில் மின்தடை இருந்ததா? பால் பைத்தான் முட்டைக்கு 31 முதல் 32 டிகிரி வேண்டும், சுமார் இரண்டு மாதம். நம் மலையில் மின்சாரம் போனால் பெட்டி சீக்கிரம் ஆறிவிடும், உறைபனிக் காலத்தில் சொல்லவே வேண்டாம். கரு வளரும்போது வெப்பம் ஏறி இறங்கினால் உடல் வரிகள் கலைந்து, கோடு விழுந்து பிறப்பது உண்டு. அது ஜீனில் எழுதப்பட்டது இல்லை, அடுத்த தலைமுறைக்குப் போகாது. அடுத்த முறை யுபிஎஸ் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், பெட்டிக்குள் தண்ணீர் பாட்டில்களும் வையுங்கள், வெப்பம் மெதுவாக இறங்கும்.

கொடை பட்டாணி டீச்சர்

மருத்துவர் சொல்வது சரி. ஜீன்தான் என்று நிரூபிக்க ஒரே வழி, அந்தக் குட்டி வளர்ந்து அதன் குட்டிகளிலும் பேரக்குட்டிகளிலும் கோடு கணக்குப்படி வருகிறதா என்று பார்ப்பது. அதுவரை அதற்குப் பெயர் வைத்து விற்காதீர்கள் தம்பி. மற்ற ஐந்தையும் ஹெட் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். "66% என்று வாங்கிய ஜோடிக்குப் பிறந்தவை, முதல் ஆறில் அல்பினோ இல்லை" என்று உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுங்கள். வாங்குபவர் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

கோத்தகிரி மேகம்

அப்படியே செய்கிறேன் டீச்சர். சாரல் அண்ணா, உங்களிடம் அல்பினோ ஆண் இருக்கிறதுதானே? இந்தக் குளிருக்கே பெண்ணைச் சேர்க்க முடியுமா?

ஊட்டி கால்நடை மருத்துவர்

அவசரப்படாதீர்கள். முட்டை வளர்ந்த காலத்தில் பெண் பெரும்பாலும் சாப்பிட்டிருக்காது, எடை நன்றாகக் குறைந்திருக்கும். காட்டிலும் வீட்டிலும் ஓர் ஆண்டு விட்டு முட்டையிடும் பெண்கள் நிறைய. ஒழுங்காக இரை எடுத்து, முட்டைக்கு முந்தைய எடை திரும்பி, எப்படியும் 1,500 கிராமுக்கு மேல் நின்றால்தான் நான் சரி என்பேன். இப்போதைக்கு வாராவாரம் எடை எழுதி வாருங்கள்.

குன்னூர் சாரல்

ஆண் இருக்கிறது தம்பி, டைரோசினேஸ் அல்பினோதான், அதன் பெற்றோர் விவரமும் என்னிடம் எழுத்தில் இருக்கிறது. மருத்துவர் எடை சரி என்று சொன்ன பிறகு வாருங்கள். அதற்குள் பெண் சட்டை உரித்தால் தூக்கிப் போடாமல் உலர்த்தி ஒரு கவரில் வைத்திருங்கள். சோதனைக்கு அனுப்ப வழி கிடைத்தால் ஆணைச் சேர்க்கும் முன்பே தெரிந்துவிடும்.